கண்ணாடிக்குள் என் நாவல்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறாமை சக எழுத்தாளர் மீது அல்ல, பத்தாம் வகுப்புப் படிக்கும் கவிநிலா மீது. எனக்கு வயது ஐம்பத்திரண்டு.

ஆரம்பத்தை மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.

'மலை மீது காலை வெயில் படர்ந்தபோது அந்தப் பள்ளியின்—' (திருவண்ணாமலையில் யார் கதை எழுதினாலும் மலையில்தான் தொடங்குகிறார்கள். வேண்டாம்.)

'புத்தகங்கள் மனிதனை—' (முடிக்க எனக்கே கூச்சமாக இருந்தது.)

மூன்றாவது: இளையோர் நாவல்களுக்கென்று வாசிப்பு மன்றம் நடத்தும் ஒரு பள்ளி நூலகத்தில், ஆறு வருடமாக ஒரு புத்தகம்கூட வெளியே எடுக்கப்படவில்லை. இது பரவாயில்லை. இப்படியே போகட்டும்.

2

வேங்கிக்காலைத் தாண்டி இருக்கும் அந்தப் பள்ளிக்கு என்னைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். நான் எழுதிய ஒரே இளையோர் நாவலான 'தொலைந்தவன் திரும்பினான்' அங்கே இருக்கிறதாம். இருந்தது. கண்ணாடிக் கதவு போட்ட மர அலமாரிக்குள், பூட்டப்பட்டு.

சாவி, உடற்கல்வி ஆசிரியர் வேடியப்பனின் கழுத்தில் விசிலோடு சேர்ந்து தொங்கியது. நூலகப் பொறுப்பும் அவருக்குத்தான்.

"ஆறு வருஷங்க. ஒரு புக்கு காணாம போனதில்ல, ஒரு பக்கம் மடங்கினதில்ல. போச்சுன்னா ஆடிட்ல என்னைத்தாங்க கேப்பாங்க" என்றார் பெருமையாக.

"அப்ப மன்றத்துப் பொண்ணுங்க எப்படிங்க படிக்கிறாங்க?"

"வெளிய நின்னு பாப்பாங்க."

வெள்ளிக்கிழமைதோறும் அவர் விசில் ஊதுவார். ஐந்து பெண்கள் அலமாரி முன்னால் வரிசையில் நின்று, கண்ணாடி வழியாகத் தெரிகிற தலைப்புகளைப் பார்ப்பார்கள். பிறகு தரையில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் விவாதிப்பார்கள்.

(அலமாரியின் காலடியில் தரையில் அரைவட்டமாகக் கீறல் விழுந்திருந்தது. சும்மா வர்ணனைக்காகச் சேர்க்கிறேன். அர்த்தம் தேட வேண்டாம்.)

3

இந்த இடத்தில் வேடியப்பனை வில்லனாக்கப் பார்த்தேன். நடக்கவில்லை. "சாப்ட்டீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார், பிறகு அவரே போய் வடை வாங்கிவந்தார். வடை வாங்கித் தருகிறவரை வில்லனாக்கும் அளவுக்கு எனக்குத் திறமை இல்லை.

ஆபத்து தலைமையாசிரியை தமிழ்செல்வியிடமிருந்து வந்தது.

"இந்த ரூமை ஸ்டோருக்குக் கேக்கறாங்க சார். பொண்ணுங்க நெஜமாவே படிக்கறாங்கன்னு நீங்க கேள்வி கேட்டுப் பாத்து, இந்த நோட்டுல ரெண்டு வரி எழுதிக் குடுத்தா கிளப் இருக்கும். இல்லன்னா அடுத்த வாரத்துலேர்ந்து இங்க உடஞ்ச பெஞ்சுதான்."

ஐந்து பெண்களும் என் பேனாவைப் பார்த்தார்கள்.

4

என் நாவலின் கதை: பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் மாறன் என்ற சிறுவன் தொலைகிறான். அக்கா சந்திரகலா அழுகிறாள். மைக்கில் அறிவிக்கிறார்கள். பையன் கிடைக்கிறான். ஒரு அதிகாரி இரண்டு பக்கத்துக்கு அறிவுரை சொல்கிறார். எல்லோரும் கை தட்டுகிறார்கள். சுபம்.*

* அந்த அறிவுரையை ஒரு மாதம் உட்கார்ந்து எழுதினேன்.

"கதையைச் சொல்லும்மா" என்றேன்.

கவிநிலா எழுந்தாள். "தம்பி தொலஞ்சிடறான் சார். சந்திரகலா அழல. எல்லாரும் போற பக்கத்துக்கு எதிர்ல நடக்க ஆரம்பிக்கிறா."

"எதிர்ல எதுக்கு?"

"கூட்டத்தோட போனா முதுகுதான சார் தெரியும்? எதிர்ல வந்தா ஒவ்வொரு மூஞ்சியா பாக்கலாம்ல. அடி அண்ணாமலை வரைக்கும் எல்லாரும் திட்டறாங்க, எந்தப் பக்கம் சுத்தணும்னு தெரியாதான்னு. அப்புறம் ஒருத்தர் அவளோட திரும்பி நடக்கறார். அவரும் யாரையோ தொலைச்சவர். செங்கம் ரோடு வர்றதுக்குள்ள நூறு பேரு ஆயிடறாங்க சார்."

"தம்பி கிடைச்சானா?"

"தெரியல. இன்னும் நடந்துட்டு இருக்காங்க."

முப்பது வருடமாக இந்த மலையைச் சுற்றுகிறேன். முதுகுகளை மட்டுமே பார்த்திருக்கிறேன். எனக்கு வயிறு எரிந்தது. கண்ணும் கலங்கியது.

5

தலைமையாசிரியை ஒரு போன் பேச வெளியே போனார். வேடியப்பன் டீ சொல்லப் போனார். (இருவரையும் ஒரே நேரத்தில் வெளியே அனுப்பியது கதையின் வசதிக்காக. மன்னிக்கவும்.)

"இது என் நாவல்ல இல்லம்மா" என்றேன் மெதுவாக.

"தெரியும் சார். அலமாரிக்குப் பின்பலகை லூசு. நகத்தினா கை போவும். ஒம்பதாவதுலேயே எல்லாத்தையும் படிச்சிட்டோம். உங்களோடத ரெண்டு தடவ."

"ரெண்டு தடவையா!" (சந்தோஷப்பட்டேன். மறைக்கவில்லை.)

"மொத தடவ கடைசி பிடிக்கல சார். தப்பா படிச்சிட்டமோன்னு திரும்பப் படிச்சோம்."

நான் பேனாவை மூடினேன்.

"அதான் மாத்தினோம். பிடிக்காத முடிவ கை தூக்கி மாத்துவோம். உங்களுக்கு அஞ்சுக்கு அஞ்சு."

6

தமிழ்செல்வி திரும்பி வந்தார், பின்னாலேயே டீயோடு வேடியப்பனும். "அவ சொன்னது சரிதானா சார்? எதுக்கும் புக்கையே பாத்துடலாம். வேடியப்பன் சார், தெறங்க."

ஆறு வருடத்தில் முதல் தடவையாக வேடியப்பன் சாவியைக் கழுத்திலிருந்து கழற்றினார். கவிநிலாவின் முகம் வெளுத்தது. என் நாவல் வெளியே வந்தது. நான் அச்சடித்ததைவிடக் கொஞ்சம் தடிமனாக இருந்தது.

தலைமையாசிரியை கடைசி அத்தியாயத்தைப் பிரித்தார். அதிகாரியின் அறிவுரைக்கு மேலே, ஊதா மையில் எழுதிய கோடு போட்ட தாள்கள், அழகாக ஒட்டப்பட்டிருந்தன. அவர் நின்றபடியே கடைசித் தாள் வரைக்கும் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது நீங்க எழுதினதா சார்?"

ஆமாம் என்றால் மன்றம் பிழைக்கும், சந்திரகலா நடந்த நடை என் பெயருக்கு வந்துவிடும். இல்லை என்றால் உடைந்த பெஞ்சு. வேடியப்பனின் ஆறு வருடமும் போகும்.

நான் ஒரு பதில் சொன்னேன். அதை இங்கே எழுதி அடித்துவிட்டேன். மறுபடி எழுதினேன், அதையும் அடித்தேன். நான் முடித்துவைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்: எல்லோரும் கை தட்டுவார்கள். அதனால் கேள்வி உங்களுக்கு. கவிநிலா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆமாம் என்பவர்கள் கை தூக்குங்கள்.