பால் கட்டு

குணவதி பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே அவளுடைய இடது மார்பு கல்லாக இறுகிவிட்டது.

பீடோங் பட்டணத்திலிருந்து மாட்டுவண்டித் தடத்தில் வெகுதூரம் உள்ளே போனால் வருகிற ரப்பர் தோட்டம் அது. பிள்ளைக்காரி என்று அங்கே யாருக்கும் சலுகை கிடையாது. விடியுமுன் குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுக்க வேண்டும். பால் வடியப் பட்டையைச் சீவி மரம் வெட்டி, வடிந்த பாலெடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்த பிறகுதான் பிள்ளை முகத்தைப் பார்க்கலாம்.

கோளாறு காம்பில்தான் தொடங்கியது. இடது காம்பு வெடித்துப் புண்ணாகி, குழந்தை வாய் வைத்ததும் கால்விரல்கள் மடங்கிக்கொள்ளும் அளவுக்கு வலித்தது. வலிக்கிற பக்கத்தை விட்டுவிட்டு வலது பக்கமே கொடுத்து வந்தாள். கேட்டுச் செய்ய ஆள் இல்லை. தாய் கடலுக்கு அந்தப் பக்கம். மாமியார் கப்பலேறவே இல்லை. கணவன் ராமையாவிடம் சொல்ல வாய் வரவில்லை; சொன்னால் மட்டும் அவனுக்கு என்ன தெரியப்போகிறது என்று இருந்துவிட்டாள்.

அடுத்த வீட்டு அம்மாசிக்குத் தெரிந்திருக்கும். மூன்று பெற்றவள். ஆனால் அவளோடு பேச்சு நின்று பல மாதம் ஆகியிருந்தது. அம்மாசியின் கோழி குணவதியின் கீரைப் பாத்தியைக் கிளறியதில் தொடங்கிய சண்டை, ஆண்கள் வந்து விலக்கிவிடும்வரை போயிருந்தது. அதன்பின் கிணற்றடிக்கு ஒருத்தி வந்தால் மற்றவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

அன்று காலை தன் நெரையில், அவளுக்கென்று ஒதுக்கிய மர வரிசையில், குணவதிக்குக் கத்தியைப் பிடித்த கையை மரத்துக்கு உயர்த்துவதே பெரும்பாடாக இருந்தது. ரவிக்கை நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்தது. உடம்பு கொதித்தது, குளிரவும் செய்தது. வெட்டு முடிந்து எல்லோரும் ஓடைக்கரையில் பசியாற உட்கார்ந்தபோது அவள் தள்ளிப்போய் ஒரு மரத்தின் மறைவில் மார்பைப் பிதுக்கிப் பார்த்தாள். சொட்டுத்தான் வந்தது. கண்ணில் நீர் முட்டியது.

"எந்தப் பக்கம்?"

அம்மாசி பின்னால் நின்றிருந்தாள். குணவதி சேலையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"கைய ஒடம்புல ஒட்டாம வச்சுக்கிட்டு நடக்கறப்பவே தெரியுது. ஒங்கிட்ட ஒறவு கொண்டாட வரல நான். எந்தப் பக்கம், சொல்லு."

"எடது. வெடிச்சிருக்கு. குடுக்க முடியல."

"குடுக்காம விட்டதாலதான் கட்டிக்கிச்சு. காம்ப மட்டும் சப்ப விட்டா வெடிக்கத்தான் செய்யும். வாய நல்லாத் தொறந்தப்பறம், சுத்தியிருக்கற கறுப்பும் சேந்து உள்ள போற மாதிரி வை. மொதல்ல வெந்நித் துணி ஒத்தடம். கட்டி இருக்கற பக்கம் பிள்ளையோட தாடை வரணும். குடுக்கும்போதே மேலேருந்து மெதுவா நீவி விடு. அமுக்காத." அம்மாசி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் வேற. இன்னும் தேங்கவிட்டா சீழ் கோத்துக்கும். எந்திரி, கொட்டகைக்குப் போ."

"பாலெடுக்கணுமே."

"நான் எடுக்கறேன். போடி."

கங்காணி பழனியாண்டி வழியில் மறித்துக்கொண்டார். அம்மாசி எட்டத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

"அண்ணே, அவளுக்கு ஒடம்பு முடியல. அவ நெரைக்கும் நான் பொறுப்பு."

"ரெண்டு நெரையா? மழ வந்தா?"

"வந்தா என்னையக் கேளுங்க."

கங்காணி வானத்தைப் பார்த்தார். பிறகு வழியை விட்டார்.

கொட்டகையில் ஆயா அடுப்பில் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். ஒத்தடம் கொடுத்தபின் குணவதி பிள்ளையை இடது பக்கம் சேர்த்துக்கொண்டாள். முதல் இழுப்பில் உயிர் போய் வந்தது. எடுத்துவிட்டு, வாய் அகலமாகத் திறக்கும்வரை காத்திருந்து மறுபடி வைத்தாள். இந்தத் தடவை வலி பொறுக்கும்படியாக இருந்தது. பிள்ளை விழுங்கும் சத்தம் கேட்கத் தொடங்கியது. விரலுக்கடியில் கல் மெல்ல இளகி வந்தது. முடிந்ததும் கடைசிச் சொட்டுப் பாலைப் புண்ணில் தடவிக் காற்றாட விட்டாள். அப்போது தகரக் கூரையில் மழை இறங்கியது.

சாயங்காலம் ராமையா சொல்லித்தான் மீதி தெரிந்தது. அம்மாசி முதலில் மேட்டு நெரைக்குப் போய்க் குணவதியின் மரங்களில் பாலெடுத்திருக்கிறாள். தன் நெரைக்கு இறங்கி வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மரத்தில் பால் பிடிக்கும் மங்குகளில் இருந்ததெல்லாம் தண்ணீரோடு வழிந்து போயிற்று. ஸ்டோரில் எல்லார் முன்னாலும் கணக்கெழுதும் கிராணி அவளை ஏசினாராம்.

"ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல" என்றான் ராமையா. "எங்கிட்டச் சொன்னா என்ன?"

அவளை அப்போதே தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். டிரெசர் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார். பாலை நிறுத்தாமல் கொடுக்கச் சொன்னார். இரண்டு நாளில் காய்ச்சல் விடாவிட்டால் மறுபடி வரவேண்டும் என்றார். மறுநாளே விட்டுவிட்டது.

அதற்கடுத்த விடியற்காலைப் பெரட்டில் அம்மாசி கங்காணியிடம் தன் நெரையைக் குணவதியோடு மாற்றித் தரக் கேட்டாள். அவளுடையது கொட்டகையை ஒட்டிய நெரை. குணவதியுடையது மேட்டுக்கு அந்தப் பக்கம். ஏறி இறங்க யாருக்கும் பிடிக்காத இடம். கங்காணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பசியாறும் நேரத்தில் குணவதி கொட்டகைக்கு ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வரலானாள். புண் ஆறியது. ஒருமுறை வலது பக்கம் கட்டப் பார்த்தது. அதை அவளே பார்த்துக்கொண்டாள்.

பிள்ளை சோறு தின்னத் தொடங்கிய பிறகு அவள் அம்மாசி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அக்கா, நெரையத் திருப்பி வாங்கிக்கறீங்களா?"

அம்மாசி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"மேட்டு மரமெல்லாம் கைக்குப் பழகிப்போச்சு. இருக்கட்டும்" என்றாள்.