நொட்டை சொல்லாத நாற்பது நிமிடங்கள்

மாமனார் வீட்டில் மாடியறையை ஒழித்துப் பெருக்கி வைத்துவிட்டார்கள் என்று சேதி வந்த அன்றுதான் சரக்குப் பரிசோதகருக்கு நிலைமை உறைத்தது. ஏழு மாதமாக வேலை இல்லாமல் இருந்ததைக்கூட அவர் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை போவதும் வருவதும் எல்லோருக்கும் உள்ளதுதான். ஆனால் நாற்பத்து மூன்று வயதில் வீட்டோடு மாப்பிள்ளையாகப் படியேறுவது இருக்கிறதே, அது வேறு கதை. அந்த வீட்டில் அவரை நேரில் 'வாங்க மாப்பிள்ளே' என்பார்கள். முதுகைக் காட்டியதும் 'நொட்டை மாப்பிள்ளை' என்பார்கள்.

பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. எதைப் பார்த்தாலும் அதில் ஒரு நொட்டை, ஒரு நொள்ளை கண்டுபிடிக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அந்தக் குணத்தையே பிழைப்பாகவும் ஆக்கிக்கொண்டார் பாருங்கள், அதுதான் மனிதருடைய சாமர்த்தியம். பதினெட்டு வருஷம் தொழிற்சாலைகளில் சரக்குப் பரிசோதனை. கட்டிலோ, அலமாரியோ, மேசையோ, எது வந்தாலும் தட்டிப் பார்ப்பார், தடவிப் பார்ப்பார், நல்லதற்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார், ஆகாததற்குச் சிவப்பு. கடைசியாக இருந்த இடத்தில் ஒரு லாரி நிறைய அலமாரிகளுக்குச் சிவப்பு ஒட்டினார். ஒட்டியதோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை, லாரிக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றார். லாரி மறுநாள் போயிற்று. அவர் அன்றைக்கே போனார்.

அதற்கப்புறம் ஆறு நேர்முகத் தேர்வு. ஆறிலும் வாய் கெடுத்தது. ஓரிடத்தில் "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டார்கள். இவர் அவர்களுடைய வாசல் கேட்டின் கீல் தொங்குவதைப் பற்றிச் சொன்னார். இன்னோரிடத்தில் கேள்வி கேட்டவருடைய மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்திருப்பதை எடுத்துச் சொல்லி, கையை நீட்டிச் சரிசெய்யவும் போனார்.

மனைவி ஒரு மருத்துவமனையில் பதிவு மேசையில் இருப்பவள். ஏழு மாதமாக இரண்டு ஷிப்ட் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்துவிட்டது. நாற்காலி செய்யும் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஏழாவது அழைப்பு வந்ததும் அவள் தீர்மானமாகச் சொன்னாள்.

"இதுவும் போச்சுன்னா ஒண்ணாம் தேதி வீட்டைக் காலி பண்றோம். அப்பாகிட்ட சொல்லிட்டேன். இனிமே என்னால முடியாது."

அவள் கோபத்தில் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பார். களைப்பாகச் சொன்னாள். அதனால் அவருக்குப் பயம் வந்துவிட்டது.

அன்றிலிருந்து ஒரு வாரம் சாப்பாட்டு மேசையில் பயிற்சி நடந்தது. அவள் எதிரே நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துகொள்வாள்.

"ஒண்ணு, உக்காருங்கன்னு சொன்னப்புறம்தான் உக்காரணும். ரெண்டு, சிரிக்கணும்."

"எதுக்குச் சிரிக்கணும்?"

"எதுக்கும் வேண்டாம். சும்மா சிரிங்க."

சிரித்துக் காட்டினார்.

"பல் டாக்டர்கிட்ட காட்டற மாதிரி இருக்கு. கொஞ்சம் குறைச்சுக்கங்க. மூணு, பழைய கம்பெனியைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசக்கூடாது. நாலாவதுதான் முக்கியம். அங்க எது எப்படி இருந்தாலும் நொட்டை சொல்லக்கூடாது."

"கண்ணுல பட்டா?"

"பாக்காதீங்க."

"இன்டர்வியூவுல கண்ணை மூடிக்கிட்டா உக்காருவாங்க?"

"பாத்தீங்களா, ஆரம்பிச்சிட்டீங்க" என்று நோட்டில் ஒரு கோடு போட்டாள்.

நாலாவதுக்கு மட்டும் தனிப் பயிற்சி. சர்க்கரை இல்லாத, ஆறிப்போன டீயைக் கொண்டுவந்து வைப்பாள். குடித்துவிட்டு நல்லா இருக்கு என்று சொல்ல வேண்டும். முதல் நாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே போய்விட்டார். மூன்றாம் நாள் குடித்து முடித்து "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"அந்தத் 'தான்' வேண்டாம். உங்க குணம் பூரா அதுக்குள்ளதான் ஒளிஞ்சிட்டிருக்கு."

ஆறாம் நாள் அது இல்லாமல் சொல்ல வந்துவிட்டது. மனைவி நோட்டை மூடி வைத்துவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று பரிசோதகர் கணக்குப் போட்டுப் பார்த்தார். நாக்கை அறுத்துப் போட்டாலும் சரி, இந்த வேலையை வாங்கியே தீருவது என்று முடிவு கட்டிக்கொண்டார்.

தொழிற்சாலை வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தது. இவருக்கு முன்னால் மூன்று பேர். முதல் ஆள் நாலு நிமிஷத்தில் வெளியே வந்தார். இரண்டாவது ஆள் மூன்று நிமிஷம். மூன்றாவதாகப் போனவள் கண்ணாடி போட்ட ஒரு பெண். போன வேகத்தில் திரும்பி வந்து, பையை மாட்டிக்கொண்டே, "நாற்காலியைப் பாத்து உக்காருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வாயடக்கம் இல்லாத பொண்ணு, அதான் சீக்கிரமே அனுப்பிட்டாங்க என்று பரிசோதகர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். ஒரு வாரப் பயிற்சி மனுஷனை எங்கே கொண்டுபோய் வைக்கிறது பாருங்கள்.

உள்ளே இரண்டு பேர். வெள்ளைச் சட்டையில் முதலாளி, பக்கத்தில் கோப்புக் கட்டோடு மேலாளர். 'தரமே எங்கள் மூச்சு' என்று சுவரில் ஒரு பலகை, வலப்பக்கம் சரிந்து தொங்கியது. கடிகாரம் பதினோரு நிமிஷம் பின்தங்கி ஓடியது. பரிசோதகர் இரண்டையும் பார்த்தார். பார்க்காதவர் மாதிரி சிரித்தார், குறைத்துக்கொண்ட சிரிப்பு.

"உக்காருங்க."

உட்கார்ந்தார். நாற்காலி இடப்பக்கம் பின்னால் சரிந்தது. ஒரு கால் குட்டை, சுண்டுவிரல் பருமனுக்குக் குறையாது. சட்டென்று வலது தொடையை அழுத்தி நேராக நிறுத்தினார். நிறுத்தியதும் பழக்க தோஷத்தில் கை தானாக இருக்கைக்கு அடியில் போயிற்று. காலும் சட்டமும் சேரும் இடத்தில் சுற்றிலும் வெல்டிங் இருக்க வேண்டும். விரலுக்குத் தட்டுப்பட்டது இரண்டே பொட்டு. மீதி இடத்தைப் பெயின்டால் பூசி மெழுகியிருந்தார்கள்.

ஐயோ பாவம், அந்த மனிதர் பட்ட பாடு. சிரங்கு வந்தவனைக் கையைக் கட்டி உட்கார வைத்த மாதிரி. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

"பழைய இடத்தை ஏன் விட்டீங்க?" என்றார் முதலாளி.

"ரொம்ப நல்ல இடம் சார். இன்னும் கத்துக்கலாமேன்னுதான் வந்தேன்."

"உங்க பலவீனம் என்னன்னு சொல்லுவீங்க?"

"வேலையில உக்காந்துட்டா நேரம் போறதே தெரியாது சார்." உண்மையில் நேரம் போவது வினாடி வினாடியாகத் தெரிந்தது, வலது தொடையில். பத்து நிமிஷத்தில் கடுத்தது. இருபதில் நடுங்கியது. முப்பதில் வலி தாங்காமல் சிரிப்பு இன்னும் அகலமாயிற்று. மேலாளர் அதைப் பார்த்து முதலாளியின் காதில் ஏதோ சொன்னார்.

"இந்த நாற்காலி எங்க சரக்குதான்" என்றார் முதலாளி சாவகாசமாக. "எப்படி இருக்கு?"

பரிசோதகர் மனைவியின் முகத்தை நினைத்துக்கொண்டார்.

"நல்லா இருக்கு சார்."

அந்தத் 'தான்' இல்லை. சுத்தமாக, கணீரென்று வந்தது. வந்த மறுகணம் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டது போல அவருக்கே அருவருப்பாக இருந்தது. பதினெட்டு வருஷத்தில் கோணல் காலைப் பார்த்து அவர் அந்த வார்த்தையைச் சொன்னதே கிடையாது.

முதலாளி மேசையைத் தட்டினார். "இவர்தான்யா ஆளு. லெட்டரை எடு."

மேலாளர் நியமனக் கடிதத்தை எடுத்து நீட்டினார். பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது. பரிசோதகருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாடியறையாவது மண்ணாங்கட்டியாவது. வெளியே போனதும் முதல் போன் மனைவிக்கு, இரண்டாவது மாமனாருக்கு என்று அதற்குள் வரிசைகூடப் போட்டுவிட்டார்.

"உங்களை மாதிரி அனுசரிச்சுப் போற ஆளைத்தான் மூணு மாசமாத் தேடறோம்" என்று மேலாளர் நிம்மதியாகச் சொன்னார். "வர்றவங்க எல்லாம் உக்காந்த உடனே எந்திரிச்சு நின்னு, கால் குட்டை, வெல்டிங் சரியில்லைன்னு ஆரம்பிச்சிடறாங்க. நீங்க நாப்பது நிமிஷம் உக்காந்தும் ஒரு வார்த்தை சொல்லலை."

பரிசோதகரின் சிரிப்பு இருந்த இடத்திலேயே நின்றது.

"இன்னைக்குச் சாயங்காலமே ஆரம்பிச்சிடலாம்" என்று மேலாளர் ஒரு சரக்குச் சீட்டையும் ஒரு கட்டுப் பச்சை ஸ்டிக்கரையும் மேசைமேல் வைத்தார். "அறுநூறு நாற்காலி, ஒரு ஸ்கூலுக்குப் போகுது. ஒட்டிட்டுக் கையெழுத்துப் போட்டாப் போதும்."

"எல்லாம் இதே நாற்காலியா சார்?"

"இதேதான்."

"சிவப்பு ஸ்டிக்கர் எங்க இருக்கு?"

மேலாளர் முதலாளியைப் பார்த்தார். "அது இங்க அச்சடிக்கறதில்லை."

பரிசோதகர் நியமனக் கடிதத்தைப் பார்த்தார். நல்ல தடித்த காகிதம், எந்தக் குறையும் சொல்ல முடியாது. அதைக் கசங்காமல் மேலாளர் பக்கமே நகர்த்தி வைத்தார். பிறகு எழுந்தார். உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கி, கவிழ்த்து, முதலாளியின் மேசைமேல் வைத்தார்.

"இந்தக் கால் குட்டை சார். இங்க வெல்டிங் ரெண்டே பொட்டு, பெயின்டை எடுத்துட்டா ஆடும். துருவைத் தேய்க்காமலே பெயின்ட் அடிச்சிருக்கீங்க. ரப்பர் மூடி மூணுதான் இருக்கு. இதுல ஒரு பிள்ளை பின்னால சாஞ்சு உக்காந்தா முதுகு போயிடும்." ஒரு வாரமாக அடக்கி வைத்தது, நிற்குமா? நாற்காலியின் நொட்டையைக் கொட்டித் தீர்த்துவிட்டுச் சுவருக்குப் போனார். "பலகை கோணல். கடிகாரம் பதினோரு நிமிஷம் ஸ்லோ. வாசல் பெஞ்சுல ஆணி நீட்டிட்டு இருக்கு, என் பேன்ட்டு கிழிஞ்சிடுச்சு."

முதலாளி கோபப்படக்கூட இல்லை. சலித்துக்கொண்டார்.

"இதை வந்த உடனே சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷத்துல அனுப்பியிருப்போமே. எல்லாருக்கும் நேரம் மிச்சம்."

வெளியே வந்தபோது வலது கால் மரத்துப்போய் இழுத்தது. ஏதோ அடி வாங்கிக்கொண்டு வருகிற ஆள் என்று காவலாளி பரிதாபமாகக் கேட்டைத் திறந்துவிட்டார். பரிசோதகர் சாலையோரத்தில் நின்று மனைவிக்குப் போன் செய்தார். அவள் முதல் மணியிலேயே எடுத்தாள். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார்.

முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு ஆரம்பித்தாள்.

"ஒரு வாரம் தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினேன். காலையில ஒரு ஷிப்டு, சாயங்காலம் ஒரு ஷிப்டு, நடுவுல உங்களுக்கு டீச்சர் வேலை. கையில குடுத்த லெட்டரைத் திருப்பிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க. நான் மனுஷியா என்னன்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றார். "அதனாலதான் நாப்பது நிமிஷம் உக்காந்தேன். அதுக்கு மேல முடியலை. தப்புதான். மாடியறைக்குச் சாமானை நானே ஏத்திடறேன்."

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பின்னால் யாரோ டோக்கன் கேட்டார்கள். "இருங்க" என்று அவர்களிடம் சொன்னாள்.

"அந்த நாற்காலி எல்லாம் இப்ப எங்க இருக்கு?"

"லாரியில ஏத்திட்டு இருக்காங்க. வேற யாராவது கையெழுத்துப் போட்டுடுவாங்க. சாயங்காலம் ஸ்கூலுக்குப் போயிடும்."

"எந்த ஸ்கூல்னு தெரியுமா?"

"சீட்டுல இருந்துது. பாத்தேன்."

"அப்ப என்கிட்ட பேசிட்டு நடுரோட்டுல எதுக்கு நிக்கறீங்க?" என்றாள். குரல் இன்னும் கரகரவென்றுதான் இருந்தது. "லாரி போறதுக்குள்ள அங்க போங்க. ஹெட்மாஸ்டர் யாரோ, அவரைப் பாருங்க. எல்லா நொட்டையும் சொல்லுங்க, ஒண்ணு விடாதீங்க. அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்."