கலியமூர்த்தி பெயரில் ஒரு நெஞ்சுப் படம்

"கலியமூர்த்தி" என்று எக்ஸ்ரே அறையிலிருந்து கூப்பிட்டார்கள். கலியமூர்த்தி உட்கார்ந்தே இருந்தார். அவர் மனைவி திலகவதியின் தம்பி பச்சமுத்து எழுந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே உள்ளே போனான்.

கடலூரில் தெரிந்த முகங்கள் அதிகம் என்றுதான் சிதம்பரத்துக்கு வந்திருந்தார்கள். தத்தெடுக்க விண்ணப்பம் கொடுத்தது சுனாமிக்கு மறு வருடம்; மூன்று வருடமாயிற்று. புருஷன் பெண்சாதி வயதைக் கூட்டினால் தொண்ணூறைத் தாண்டக் கூடாது, எழுபத்தொன்பதுதான் வந்தது. சிப்காட்டில் நிரந்தர வேலை. வீட்டைப் பார்க்கக் குழந்தைகள் இல்லத்திலிருந்து வந்த அம்மாள் கிணற்று மூடியைக்கூட அசைத்துப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார். மிச்சம் டாக்டர் சர்டிபிகேட் மட்டும். குழந்தை ஆளாகும்வரை இவர்கள் இருப்பார்களா என்று தெரிந்துகொள்ளத்தான் அது. அது வந்தால் திங்கட்கிழமை குழந்தையைக் காட்டுவார்கள். கலியமூர்த்திக்கோ நாலு மாதமாக விடாத இருமல்.

வரும்போதே பஸ்ஸில் மச்சானுக்கு எல்லாம் விளக்கியிருந்தார். பாய்லர் ஓட்டுகிறவர், எதையும் விளக்காமல் அவரால் இருக்க முடியாது.

"எலும்புல கதிர் நுழையாது, அதான் படத்துல வெள்ளையா விழும். காத்துல பூந்து போயிடும், அது கருப்பு. நுரையீரல் பூரா காத்துதானே மச்சான், நல்ல நெஞ்சுன்னா கன்னங்கரேல்னு இருக்கும். நடுவுல வெள்ளையா திட்டு தெரிஞ்சா போச்சு."

"வலை இழுக்கற நெஞ்சு மாமா இது. தார் டின்னு கணக்கா இருக்கும் பாரு."

"பேரு கேட்டா உன் பேரச் சொல்லித் தொலைக்காத."

"மூச்சகூட உன் பேருலயே புடிக்கிறேன், போதுமா."

திரும்பும் பஸ்ஸில் பச்சமுத்து ஜன்னலோரம் உட்கார்ந்து வறுத்த மல்லாட்டையை உரித்துக் கடலையைத் தின்றான். தன் இரண்டு பெண்களுக்கும் தனித்தனிப் பொட்டலம் வாங்கி மடியில் வைத்திருந்தான். திலகவதி போன் செய்தாள்.

"என்னாங்க, பாஸா?"

"பாத்துட்டு சொல்றேன்."

உறையிலிருந்து படத்தை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மூலையில் அவர் பெயர், வயது நாற்பத்தொன்று. விலா எலும்புகளை மேலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார். வலது பக்கம் மூன்றாவதற்குக் கீழே விரல் நின்றது. எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வெள்ளை.

இருமல் வந்தது. அடக்கிக்கொண்டார்.

"கருப்பா இருக்கா மாமா?"

படத்தின் கருப்பில் ஜன்னல் வெளிச்சம் நுழைவதில்லை. வெள்ளை விழுந்த இடம்தான் பிலிமில் கண்ணாடி மாதிரி. அதை மச்சானுக்கு அவர் சொல்லியிருக்கவில்லை. படத்தைக் கீழே இறக்காமல் வைத்திருந்தார். அந்தத் திட்டின் வழியாக, மென்றுகொண்டிருந்த பச்சமுத்துவின் வாய் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.