வெட்டாத வீடியோ

ஈரத்துண்டால் அண்ணனின் வலது கட்டைவிரலைத் துடைத்து, செல்போனின் முதுகில் இருந்த சின்ன வட்டத்தில் வைத்து அழுத்தினான் தம்பி. போன் ஒரு தடவை அதிர்ந்தது. திறக்கவில்லை.

இடது கட்டைவிரல். அதிர்வு. ஆள்காட்டி விரல். அதிர்வு.

சட்டை மாற்ற வேண்டும் என்று சொல்லித்தான் எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தியிருந்தான். மூன்று மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. இப்போது இரண்டேகால். பெஞ்சில் படுத்திருந்த அண்ணன் எதற்கும் அசரவில்லை.

"விட்டுக் குடுண்ணே," என்று முணுமுணுத்தான். உயிரோடு இருந்தபோதே விட்டுக்கொடுக்காத மனிதர்.

அண்ணனுக்குத் தொழில் மோட்டாருக்குக் காயில் கட்டுவது. கடையில் வேலை குறைந்த நேரத்தில் போனை எடுத்துக்கொண்டு ஏதாவது ஓர் அரசாங்க அலுவலகத்துக்குள் நுழைந்துவிடுவார். பதினோரு மணிக்கு நாற்காலி ஏன் காலி, போன வருஷம் போட்ட ரோடு எங்கே போனது என்று கேட்டுக் கேட்டுப் படம் பிடிப்பார். அலுவலகங்களில் அவருக்கு 'சிசிடிவி' என்று பெயர். 'சிசிடிவி வர்றான்' என்று ஒரு குரல் கேட்டால் போதும், பாதிப் பேர் கழிப்பறையில் இருப்பார்கள், மீதிப் பேர் கோப்பைத் தலைகீழாகப் பிடித்துப் படிப்பார்கள்.

அப்படி அவர் நுழையும் ஓர் அலுவலகத்தில்தான் தம்பிக்கு வேலை. அதிகாரியின் வண்டிக்கு டிரைவர். "ஆபீஸ் கேட்டுக்குள்ள நீ யாரோ, நான் யாரோ," என்று அண்ணனே சொல்லிவிட்டார். ஏழு வருஷம் அப்படித்தான் ஓடியது.

நேற்று பதினொன்றரைக்கு அந்த அலுவலக வாசலில் அண்ணன் விழுந்தார். மாரடைப்பு என்றது ஆஸ்பத்திரி. அதற்கப்புறம் எத்தனை வாய்! அதிகாரி நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார் என்றார் ஒருவர். அதிகாரி அந்த நேரத்தில் அலுவலகத்திலேயே இல்லை என்றார் இன்னொருவர். படிக்கட்டில் தடுக்கியது என்றார் மூன்றாமவர். எல்லாவற்றையும் அவனிடமே வந்து சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். எதற்கு ஆட்டினோம் என்று அவனுக்கே தெரியவில்லை. போனைத் திறந்தால் பார்ப்பதா, அழிப்பதா என்பதும்தான்.

கதவு திறந்தது. அண்ணி.

"என்ன பண்றே?"

"போன்... திறக்கல அண்ணி."

"உயிர் இல்லாத விரல அது எடுத்துக்காது. என்னக் கேட்டிருக்கலாம்ல?"

வாங்கி, ஆறு எண்களைத் தட்டினாள். திறந்துகொண்டது.

"அவர் போட்ட முதல் மனுவோட நம்பர். நம்ம தெருவுக்கு ஏன் விளக்கு இல்லன்னு கேட்டது. பதினாலு வருஷமா பதில் இல்ல. என் பொறந்த நாள வையுங்கன்னேன். அத மறந்தா நீயே ஞாபகப்படுத்திடுவ, இத யாரு ஞாபகப்படுத்துவான்னார்."

தம்பிக்குச் சிரிக்கத்தான் வாய் போனது. பாதியில் நின்றுவிட்டது.

பின்னாலேயே அட்மின் வந்தான். செல்போன் கடைக்காரன், அண்ணனின் வீடியோக்களை ஏற்றும் குரூப்பைப் பார்த்துக்கொள்பவன். அழுதழுது கண் வீங்கியிருந்தது.

"அண்ணி, நேத்து எடுத்தது இருக்கா?"

இருந்தது. மூன்று தலைகளும் திரை மேல் குனிந்தன.

முதலில் அண்ணனின் குரல். தேதி, நேரம், இடம். எப்போதும்போல. படியிறங்கி வரும் அதிகாரி.

"சார், குடிதண்ணித் தொட்டிய அஞ்சாந்தேதி கழுவினதா பலகைல எழுதியிருக்கு. அன்னிக்குத் தொட்டிச் சாவி உங்க டிராயர்லயே இருந்துச்சாமே?"

"வழிய விடுய்யா."

"நான் ஓரமாத்தான் சார் நிக்கிறேன். கேள்விதான் நடுவுல நிக்குது."

அதிகாரியின் கை உயர்ந்தது. நேராக நெஞ்சை நோக்கி. படம் ஆடியது, தரை, வானம்.

"நிறுத்துங்க!" அட்மின் கத்தினான். "கை தெரியுது பாருங்க! இதோட வெட்டி இப்பவே ஏத்திடறேன். நாளைக்கு அந்தாளு வேலைல இருக்க மாட்டான்."

"ஆமா அண்ணி, இது போதும்," என்றான் தம்பி. வேகமாகச் சொல்லிவிட்டது அவன் காதுக்கே கேட்டது.

"மீதி?"

"மீதி வெறும் தரைதான் அண்ணி."

"உனக்கெப்படித் தெரியும்?"

அவன் கட்டைவிரலால் திரையின் ஓரத்தைத் துடைத்தான். அண்ணி பெஞ்சைப் பார்த்தாள்.

"பேட்டி நடுவுல மூக்கு சிந்தினதக்கூட வெட்டாமப் போட்ட மனுஷன். அவர் சாவ மட்டும் நான் வெட்டணுமா?"

விரலை வைத்தாள். வீடியோ ஓடியது.

கீழே விழுந்த போன் பாதி வானத்தையும், பாதி அதிகாரியின் வெள்ளை வண்டியையும் காட்டியது. குரல்கள் மட்டும் வந்தன.

"யோவ்... என்னய்யா பண்ணுது? பிடிங்க, சாயறாரு! சட்டைய தளர்த்துங்க!" அதிகாரியின் குரல். "என் கையப் பிடிச்சுக்கய்யா... மூச்ச விடு, மூச்ச விடு..."

அட்மின் மெல்லச் சுவரில் சாய்ந்தான். "தள்ளலையா?" என்றான். "அப்ப அந்தக் கை... தாங்கத்தான் போச்சா?"

வீடியோவில் அதிகாரியின் குரல் உயர்ந்தது.

"டிரைவர்! வண்டிய எடு! ஆஸ்பத்திரிக்குப் போகணும்!"

வெள்ளை வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

"டிரைவர்! எங்கய்யா போனான்?"

மூன்றாவது தடவை அது கூப்பாடு இல்லை, கெஞ்சல். திரையின் ஓரத்தில் நொடிகள் நகர்ந்தன. ஒரு நிமிஷம். இரண்டு. நாலு. யாரோ ரோட்டுக்கு ஓடி வேறு வண்டியைக் கூட்டிவந்த சத்தம். தூக்குகிற சத்தம். பிறகு அமைதி.

"டீ குடிக்கப் போயிருப்பான்," என்றான் அட்மின்.

அண்ணி தம்பியைப் பார்த்தாள். முதலில் கோபமாக இல்லை. புரியாமல்.

"போன மாசமும் சார் இப்படித்தான் கூப்பிட்டார் அண்ணி. சிசிடிவிய இழுத்து வெளிய தள்ளுன்னு. கேக்காத மாதிரி இருந்துட்டேன். நேத்து கண்ணாடி ஏத்தியிருந்துச்சு, டிரைவர்ங்கறது மட்டுந்தான் கேட்டுச்சு. நேத்தும் அதுக்குத்தான் கூப்பிடறார்னு..." அவன் பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். "என் அண்ணன் மேல நான் எப்படி அண்ணி கைவைப்பேன்?"

"நீ எங்க இருந்தே?"

வீடியோவை யாரும் நிறுத்தவில்லை. திரையில், ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்து ஒரு தலை மெதுவாக எழுந்தது. இந்தப் பக்கம் பார்த்தது. அந்தப் பக்கம் பார்த்தது. கதவைத் திறந்து இறங்கி, காலியான வாசலில் நடந்து வந்து, போனை எடுக்கக் குனிந்தது.