ஐந்து பேர் உட்காரும் வண்டி

வீட்டில் மொத்தம் ஆறு பேர். வாங்கப் போகிற காரில் ஐந்து சீட்டு. நேரு வீதி ஜவுளிக்கடையில் நாள் முழுக்க பில் போடுகிற ஜெயத்துக்கு, ஆறில் ஐந்து போனால் மிச்சம் யார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

மிச்சம் அவள்தான்.

அண்ணன் சக்கரபாணி, அண்ணி தனக்கொடி, அவர்கள் பிள்ளைகள் அபியும் ராஜாவும், அம்மா செல்வாம்பாள். ஐந்து ஆயிற்றா? ஆறாவது ஆள், கட்டிக்கொடுத்த இடத்தில் வாழ முடியாமல் ஒரு பெட்டியோடு திரும்பி வந்து, ஆறு வருஷமாக அந்த முத்தியால்பேட்டை வீட்டின் நடு அறையில் பாய் விரித்துப் படுக்கிற தங்கச்சி. இத்தனை காலத்தில் அவளை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. அதுதான் ஜெயத்துக்குப் பெரிய சந்தேகம். சண்டை போட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருப்பாள். சிரித்துக்கொண்டே சோறு போடுகிறவர்கள் மனசில் என்ன இருக்கிறது என்று யார் கண்டது?

கார் பேச்சு ஆரம்பித்ததும் வீட்டில் ஆளுக்கொரு வண்டி ஓடியது. ராஜாவுக்கு ஜீப் மாதிரி உயரமாக, பார்த்தாலே பயம் வருகிற வண்டி வேண்டும். தனக்கொடிக்கோ, பின்னால் டிக்கி நீட்டிக்கொண்டிருந்தால்தான் அது கார். மற்றதெல்லாம் வால் அறுந்த பல்லி. செல்வாம்பாளுக்கு முட்டி வலி. "பள்ளத்துல எறங்குற மாதிரி குனிஞ்சு உட்கார்ற வண்டின்னா நான் வரல, என்ன ஆட்டோவுல அனுப்பிடுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

ஜெயம் எதையும் நேராகக் கேட்கிற ஜாதி இல்லை. சாம்பாரில் பருப்பைத் தேடுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "பக்கத்துத் தெரு அம்மாவாசை அண்ணன் வாங்கிகீறாரே, மூணு வரிசை, ஏழு பேர் போவலாமாமே" என்றாள்.

சக்கரபாணி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மூணாவது வரிசை நமக்கு எதுக்கு? அதுவுமில்லாம அது நம்ம சந்துல திரும்பாது. சின்னதா, கொஞ்சம் கூரை ஒசரமா, பின்பக்கம் கதவு மேல தூக்குற வண்டி போதும். டவுனுக்கு அதான் சரி."

அவன் ஊரை ஒட்டிய மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் யூனிட்டில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். எதையும் அளந்து பார்க்காமல் பேசமாட்டான். மறுநாளே டேப்பை எடுத்துக்கொண்டு போய், சந்து முனையில் மின்கம்பத்துக்கும் எதிர்வீட்டுப் படிக்கட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று அளந்துவிட்டு வந்தான். சரி, ஒருவேளை உண்மையாகவே சந்துதான் காரணமோ என்று ஜெயமும் மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அந்தச் சமாதானம் அடுத்த முகூர்த்தம் வரைதான். எதிர்வீட்டுக் கல்யாணத்துக்குச் சாமான் இறக்க, அம்மாவாசை தன் ஏழு சீட்டு வண்டியை அதே சந்துக்குள் கொண்டுவந்தார். கொண்டுவந்ததோடு நிற்காமல், கம்பத்தில் உரசாமல், படிக்கட்டை இடிக்காமல், ஒரு கையால் பீடியைப் பிடித்தபடி திருப்பிக்கொண்டும் போனார். ஜெயம் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி எல்லாவற்றையும் பார்த்தாள். திரும்பாத வண்டி திரும்பிவிட்டது. சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

அதற்குப் பிறகு அவள் கண்ணுக்கு எல்லாமே ஒரே பக்கம் கையைக் காட்டின. போன வருஷம் திடீரென்று தங்கச்சியையும் பெண்டாட்டியையும் ஒன்றாக டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டான் சக்கரபாணி. தனக்கொடி லாஸ்பேட்டை மைதானத்தில் ஒரு வேப்பமரத்தைத் தொட்டுவிட்டு, அன்றோடு கும்பிடு போட்டாள். ஜெயம் விடாமல் கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கினாள். அப்போது பெருமையாக இருந்தது. இப்போது யோசித்தால் வேறு மாதிரி தெரிந்தது. சொந்தக் காலில் நிற்கப் பழக்கிவிட்டு, அப்புறம் போய் நில்லு என்று சொல்வதற்குத்தானா?

ஞாயிற்றுக்கிழமை ஒட்டடை அடிக்கும்போது அண்ணன் கட்டிலுக்கு அடியில் துடைப்பம் எதிலோ முட்டியது. இழுத்துப் பார்த்தாள். புதுப் பெட்டி. சக்கரம் வைத்தது, ஒரு ஆளையே மடித்து வைக்கலாம் போலப் பெரிசு. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. இந்த வீட்டில் பெட்டியோடு வந்தவள் ஒருத்திதான். பழைய பெட்டிக்குக் கைப்பிடி உடைந்துபோனதும் எல்லோருக்கும் தெரியும். அனுப்பும்போது நல்ல பெட்டியாகக் கொடுத்து அனுப்புவோம் என்று நினைத்திருப்பார்கள்; அண்ணிக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியும். ஜெயம் பெட்டியை இருந்த இடத்திலேயே தள்ளினாள்.

கொஞ்சநஞ்சம் இருந்த நம்பிக்கையும் மொட்டைமாடியில் போயிற்று. சாயங்காலம் துணி எடுக்கப் படியேறியவள், தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப்பக்கம் தனக்கொடியின் குரலைக் கேட்டு நின்றாள்.

"ஜெயத்துக்கு எப்பதாங்க சொல்லப் போறீங்க?"

"வண்டி வந்துடட்டும்" என்றான் சக்கரபாணி. "அதுவரைக்கும் நீ வாயத் தெறக்காத. இப்ப தெரிஞ்சா அழுது ரகள பண்ணும். அம்மாவும் சேந்துக்கும்."

ஜெயம் துணி எடுக்காமலே இறங்கி வந்தாள். நான் ஏன் அழப்போகிறேன், ரகளை பண்ணப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டே குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதாள்.

கடையில் அவளோடு பில் போடுகிற லட்சுமிக்குக் குருசுக்குப்பத்தில் வீடு. மாடியில் ஒரு அறை காலியாக இருந்தது. கடல் காற்று வரும், மீன் வாடையும் வரும் என்று லட்சுமி ஒளிக்காமல் சொன்னாள். துரத்துகிற வரை காத்திருந்த அனுபவம் ஜெயத்துக்கு ஒருமுறை ஆகிவிட்டது. இன்னொரு முறை வேண்டாம். ஒன்றாம் தேதி வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

விழுப்புரம் சாலை ஷோரூமுக்கு ஆறு பேரும் ஒரு சனிக்கிழமை காலையில் போனார்கள். அவளையும் எதற்கு இழுக்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஊருக்கு நல்லபிள்ளையாகக் காட்டத்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு, இருப்பதில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனாள்.

ஷோரூமில் நாராயணசாமி என்றொருவர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திவிட்டுக்கொண்டே எல்லா வண்டியையும் காட்டினார். டிக்கி நீட்டிய வண்டியில் செல்வாம்பாள் ஏறினாள், இறங்க முடியவில்லை. இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்க வேண்டியதாயிற்று. தனக்கொடி அந்த ஆசையை அங்கேயே விட்டாள். ராஜாவின் ஜீப், சந்தின் அளவிடம் தோற்றது. கடைசியில் சக்கரபாணி முதல் நாள் சொன்ன அந்தக் கூரை உயர்ந்த சின்ன வண்டிக்கே வந்து நின்றார்கள்.

"அம்மா, நீ முன்னாடி ஏறு. குனியாம முடியுதா பாரு."

செல்வாம்பாள் நாற்காலியில் உட்கார்கிற மாதிரி உட்கார்ந்தாள். முகம் மலர்ந்தது. நாராயணசாமி அவளுக்குப் பெல்ட்டையும் மாட்டிவிட்டார். தனக்கொடியும் பிள்ளைகளும் பின்னால் ஏறினார்கள். ஜெயம் ஒரு பிளாஸ்டிக் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றாள். மிச்சமிருந்தது ஓட்டுகிற சீட்டு. அண்ணன் ஏறுவான், கதவு சாத்துவார்கள், கணக்கு முடியும்.

"நீ இன்னா அங்க நிக்கிற? வா, இங்க உட்காரு" என்று ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்தான் சக்கரபாணி.

"நான் எதுக்கு?"

"உட்காருன்றேன் இல்ல. பிரேக் எட்டுதா பாரு."

எட்டவில்லை. அவன் குனிந்து அடியிலிருந்த கம்பியைத் தூக்கி, சீட்டை முன்னால் இழுத்துவிட்டான். "இப்ப?"

"எட்டுது."

"பின்னாடி கண்ணாடில நல்லா தெரியுதா?"

"தெரியுது." எதற்கு இந்த நாடகம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

சக்கரபாணி நிமிர்ந்து நாராயணசாமியிடம் கேட்டான். "டிக்கில பெரிய பெட்டி ஒண்ணு போவுங்களா? சக்கரம் வச்சது."

அதற்கு மேல் ஜெயத்தால் பொறுக்க முடியவில்லை.

"பெட்டி யாருதுண்ணா? என்னுதுதானே? கட்டிலுக்கு அடியில மறைச்சு வச்சுட்டா எனக்குத் தெரியாதா? வண்டி வந்தப்புறம் சொல்லலாம்னு நீங்க நல்ல நேரம் பாத்துகினு கீற வேணாம். குருசுக்குப்பத்துல ரூம் பாத்துட்டேன். ஒண்ணாந்தேதி போறேன். அஞ்சு பேரும் சௌக்கியமா உட்காந்து போங்க."

நாராயணசாமி சட்டென்று அடுத்த வண்டிப் பக்கம் போய், ஏற்கெனவே பளபளப்பாக இருந்த கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

சக்கரபாணிக்கு முகம் செத்துப்போயிற்று. "ரூம் பாத்தியா?" என்றான். காருக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தான். பிறகு, "அஞ்சு பேர்னியே, யார் யாரு? எண்ணு" என்றான்.

"நீ, அண்ணி, அபி, ராஜா, அம்மா."

"நான் எங்க உட்காந்துகினு கீறேன்?"

ஜெயம் பார்த்தாள். பின்னால் மூன்று பேர். பக்கத்தில் அம்மா. ஸ்டியரிங்குக்கு முன்னால் அவள். ஐந்து சீட்டும் நிறைந்திருந்தது. அண்ணன் வெளியே, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கணக்குல நான் இல்ல, ஜெயம்" என்றான் அவன். "யூனிட்ட மூடறாங்க. எனக்கு மஸ்கட்ல வேலை கெடச்சிருக்குது. மூணு வருஷம். பெட்டி என்னுது."

தனக்கொடி பின்னாலிருந்து, "மெதுவா சொல்லலாம்னு இருந்தோம்" என்று ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்தினாள்.

"என்கிட்ட ஏன் மறைச்சே?"

"போன தடவையும் இதே மாதிரி ஒரு வேலை வந்துது. அந்த வாரம்தான் நீ பெட்டியோட வந்து வாசப்படியில நின்னே. உன்ன அப்பிடி உட்டுட்டுப் போவ மனசு வரல, வேணாம்னுட்டேன். இப்ப சொன்னா நீயும் போவ உடமாட்டே. வண்டி வந்து, நீ நாலு நாள் ஓட்டிப் பழகி, எல்லாரையும் நீ பாத்துப்பேன்னு எனக்கே ஒரு தைரியம் வரட்டும்னுதான்..."

ஆறு வருஷம் வளர்த்த சந்தேகம் அவ்வளவு சுலபத்தில் விட்டுப் போகுமா? ஜெயம் கையில் மிச்சமிருந்த ஒன்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அப்ப ஏழு சீட்டு வண்டி சந்துல திரும்பாதுன்னியே? அம்மாவாசை அண்ணன் திருப்புனாரே, நான் பாத்தேனே!"

"அவரு இருபது வருஷம் லாரி ஓட்டுனவரு. அவரு திருப்புவாரு" என்றான் சக்கரபாணி. "நீ திருப்பணுமே?"

ஜெயத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த அண்ணன் மேல் இத்தனை நாள் என்னென்ன நினைத்தோம் என்று நினைக்க நினைக்க, இறங்கி எங்காவது ஓடிவிடலாமா என்றிருந்தது. அதைவிட, பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. அம்மாவுக்கு அவன் வீட்டில் வைத்து, பக்குவமாக, ஒரு நல்ல வேளை பார்த்துச் சொல்லியிருப்பான். இப்படி நாலு பேர் நடமாடுகிற இடத்தில் போட்டு உடைக்க வைத்தது அவள்தான்.

செல்வாம்பாள் அழவில்லை. நெஞ்சுக்குக் குறுக்கே கிடந்த பெல்ட்டை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தாள். அதை எங்கே அழுத்தினால் கழலும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இத கழட்டுடா" என்றாள். "நான் எறங்கணும்."

சக்கரபாணி சுற்றிக்கொண்டு வந்து, குனிந்து கழற்றினான். கழன்ற பிறகும் அவள் இறங்கவில்லை. அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வண்டி வந்தது. லட்சுமியிடம் அறை வேண்டாம் என்று ஜெயம் சொன்னாள். செல்வாம்பாள் ஒரு வாரம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு ஒருநாள் எலுமிச்சங்காய் வாங்கிவரச் சொல்லி ஊறுகாய்க்கு நறுக்க உட்கார்ந்தாள். அதிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அவன் போகலாம் என்று. சாயங்காலங்களில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள, ஜெயம் பள்ளிக்கூடத்துக்கும் மார்க்கெட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓட்டிப் பழகினாள். சந்து முனையில் முதல் தடவை கம்பத்தில் உரசினாள். இரண்டாம் தடவை உரசவில்லை.

புறப்படுகிற நாள் சென்னை விமான நிலையத்துக்கு ஆறு பேரும் அதே வண்டியில்தான் போனார்கள். அன்றைக்குத்தான் உண்மையாகவே இடம் போதவில்லை. டிக்கியைப் பெட்டி அடைத்துக்கொண்டது. பின் சீட்டில் ஜெயமும் தனக்கொடியும் அபியும் நெருக்கி உட்கார, ராஜா தன் அம்மா மடியில் ஏறிக்கொண்டான். சக்கரபாணி, இந்த ஒரு தடவை நான் ஓட்டுகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டான். நெடிய ஆள்; சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளிவிட்டு ஓட்டினான். அவனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்த ஜெயத்துக்கு முட்டி இடித்தது. திண்டிவனம் தாண்டியும் அவள் நகர்ந்து உட்காரவில்லை.

மத்தியானம் அவன் உள்ளே போய்விட்டான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் ஒருமுறை திரும்பிக் கையாட்டினான், அவ்வளவுதான். ஐந்து பேரும் வெயிலில் வண்டிக்கு நடந்து வந்தார்கள். ராஜா காலையில் போலவே அம்மா மடியில் ஏறினான்.

"எறங்கி உட்காருடா" என்றாள் தனக்கொடி. "அதான் எடம் கீதே."

அவன் இறங்கவில்லை. அவளும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. பின் சீட்டில் ஒரு ஆள் உட்காருகிற இடம் சும்மா கிடந்தது.

ஜெயம் ஓட்டுகிற இடத்தில் ஏறிக் கதவைச் சாத்தினாள். காலை நீட்டிப் பார்த்தாள். பிரேக் எட்டவில்லை. அண்ணன் தள்ளி வைத்த இடத்திலேயே சீட்டு இருந்தது. அதை அப்படியே விட்டுவிட முடிந்தால் விட்டிருப்பாள்.

"போலாமா அத்த?" என்றாள் அபி.

ஜெயம் குனிந்து அடியிலிருந்த கம்பியைத் தூக்கி, சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள்.