கொட்டு நின்ற இடம்

ஆர்கெஸ்ட்ரா என்றால் சங்கரன்கோவிலில் சினிமாப் பாட்டுக் கச்சேரிதான். ஷேக் ஃபரீத் அண்ணாச்சி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா தொடங்கியபோது பேண்ட் செட்டிலிருந்து நாலு பேர், பிடில் படித்த இரண்டு டீச்சர்மார், அவ்வளவுதான் ஆள். வாசித்துக்கொண்டிருக்கும்போதே சினிமாப் பாட்டு கேட்டுச் சீட்டு வரும். அண்ணாச்சி அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுவிட்டு மறுபடி கையை வீசுவார். இப்போது கல்யாண மண்டபத்து மேடை கொள்ளவில்லை. தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பிடில் பெட்டியோடு போகிறார்கள். சம்பந்தம் பேசுகிற இடத்தில்கூட, பெண் சிம்பொனியில் வாசிக்கிறாள் என்று சொல்லிக்கொள்ளும் காலம் வந்துவிட்டது, பார்த்துக்கிடுங்கள்.

பொன்செல்வி அதில் முன்வரிசை வயலின். அவள் அம்மா மாடத்தி மார்க்கெட்டில் பூக் கட்டுகிறவள். மகள் மேடையில் வாசிப்பதைக் கேட்க மண்டபத்தில் கச்சேரி நடந்த அன்றைக்குத்தான் முதல்முதலாக வந்து நடுவரிசையில் உட்கார்ந்தாள்.

வாசிப்பு ஏறி ஏறி உச்சிக்குப் போனது. சட்டென்று அத்தனை வாத்தியமும் நின்றது. அண்ணாச்சியின் கை அந்தரத்தில். அந்த மௌனமும் பாட்டில் சேர்த்திதான். ஆனால் மாடத்தி அறிந்தது கோவில் கொடைத் திருவிழா. அங்கே கொட்டு உச்சத்தில் நின்றால் அந்த இடத்தைப் பெண்கள் சும்மா விடக்கூடாது. அவள் கண்ணை மூடிக்கொண்டு மனசாரக் குலவை போட்டாள்.

மண்டபமே சிரித்தது. முடிந்ததும் பொன்செல்வி பக்கத்தில் வாசித்த பாஜிலா மெதுவாகக் கேட்டாள்.

"யாருட்டி அது?"

"தெரியல. பனவடலிசத்திரத்துல இருந்து வந்த ஆளா இருக்கும்."

சொன்ன வாய் பொன்செல்விக்கு உடனே கசந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், அம்மா கூட்டத்தோடு நிற்காமல் தள்ளிப்போய் ஒரு லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"முன்னால இருந்தவ திரும்பி, குலவை போட்டது யாருன்னு கேட்டா மக்கா. நானும் யாரோன்னு திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒன் பேரு கெட்டுரக் கூடாதுல்லா."

பொன்செல்வி பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். நானும் அப்படித்தான் சொன்னேன் என்று எந்த வாயால் சொல்ல?

அடுத்த கச்சேரி புளியங்குடியில். வரமாட்டேன் என்றவளை மகள்தான் கெஞ்சிக் கூப்பிட்டாள். மாடத்தி கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். இன்னும் ஒரு வாத்தியமும் தொடங்கவில்லை. அதற்குள் சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். மேடையிலிருந்து அதைப் பார்த்த பொன்செல்வி பக்கத்தில் திரும்பினாள்.

"பாஜிலா, அன்னைக்குக் குலவை போட்டது எங்கம்மாதான்."

பாஜிலா வயலினைத் தோளில் வைத்தபடி சொன்னாள்:

"தெரியும்ட்டி. ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. எல்லாருக்குந்தான் தெரியும். நீயா சொல்லட்டும்னு ஒருத்தரும் கேக்கல."

அதற்குள் அண்ணாச்சி கையை உயர்த்திவிட்டார்.

அந்த இடம் வந்தது. எல்லாம் நின்றது. சபையில் ஒரு இருமல்கூட இல்லை. கடைசி வரிசையில் மாடத்தி கண்ணை மூடி, தலைப்பை இரண்டு கையாலும் வாயோடு அழுத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது.

அண்ணாச்சியின் கை இறங்கியது. எல்லோரும் வாசிப்பை எடுத்தார்கள். அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்த பொன்செல்வியின் வில் மட்டும் பிந்தி விழுந்தது.