மார்வியர்ட் கேட்காத சரணம்

லுபர்ட் வீர்செமா தன் ஊர்ப் பேச்சில் பாட்டுப் பாடினால் மார்வியர்ட் வாய்க்கால்களில் தண்ணீர் ஏறும். இங்கிலீஷில் பாடினால் ஏறாது. வெளியூரில் நின்று எந்தப் பேச்சில் பாடினாலும் ஏறாது. இந்த விஷயம் அவனுடைய கல்யாணத்தன்றுதான் தெரியவந்தது, அதுவரை அவன் இங்கிலீஷ் பாட்டுகளைத்தான் பாடியிருந்தான். பெண்ணுக்காக அவனே கட்டிய பாட்டை கிட்டாரோடு பாடிக்கொண்டிருந்தபோது விருந்து நடந்த கடையின் நிலவறையில் பீர் பீப்பாய்கள் மிதந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் ஊர் அது. தண்ணீர் எந்த வழியாக வந்தாலும் அதை வெளியே தள்ளுவதுதான் அங்கே பிழைப்பு என்பதால் யாரும் வாயைப் பிளக்கவில்லை, எரிச்சல்தான் பட்டார்கள். பெண்ணின் அப்பா எல்ட்யோதான் பம்ப் ஹவுஸைப் பார்த்துக்கொள்பவர். கல்யாணக் கோட்டோடு ஓடிப்போய் எஞ்சினைப் போட்டுவிட்டு, கையெல்லாம் எண்ணெயோடு திரும்பி வந்தார்.

"மாப்ள, இனிமே பாடுறதா இருந்தா முந்தின நாளே சொல்லிடு" என்றார்.

ஊரின் வாய்க்கால்களை நிர்வகிக்கும் நீர் வாரியம் கூடியது. ஆளுக்கொரு காபி, ஆளுக்கொரு பிஸ்கட், பிறகு டப்பாவின் மூடி அழுத்தி மூடப்பட்டது. மழை பெய்வதற்கும் கடல் கொந்தளிப்பதற்கும் எப்படி முறை வைத்திருந்தார்களோ அப்படியே லுபர்ட்டுக்கும் ஒரு முறை வைத்தார்கள். நடவிலிருந்து அறுவடை வரை உருளைக்கிழங்கு நிலத்தில் இருக்கும் காலத்தில் அவன் ஊர்ப் பேச்சில் பாடக்கூடாது, மற்ற நாட்களில் எல்ட்யோவிடம் சொல்லிவிட்டுப் பாடலாம். பாட்டு எப்படி இருந்தது என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை. லுபர்ட் அதை மறக்கவேயில்லை. குளிர்காலம் வருவதற்குள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஆம்ஸ்டர்டாமுக்கு ரயில் ஏறிவிட்டான். அவன் மனைவி ஃபென்னா வரவில்லை. அம்மா இல்லாத வீடு, அப்பாவுக்கு பம்ப்பைத் தவிர வேறெதுவும் தெரியாது, நிலத்தை யார் பார்ப்பது என்றாள். அவனும் வற்புறுத்தவில்லை, ரோஷக்காரன்.

நகரத்தில் அவன் கொடி பறந்தது. தலைமுடியைத் தோள்வரை விட்டான், வயலின்காரன் ஒருவனையும் ஆர்கன் வாசிக்கும் ஒருத்தியையும் சேர்த்துக்கொண்டான், பாதிதான் புரிந்த இங்கிலீஷில் கப்பல்காரர்களையும் கைவிடப்பட்ட பெண்களையும் பற்றிப் பாடினான். இசைத்தட்டுகள் விற்றன, ரேடியோ அவனை விடவில்லை. ஆண்டுக்கொரு தடவை ஃபென்னாவின் பிறந்தநாளுக்கு ஊருக்கு வருவான். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து அவன் கையைக் குலுக்கி, ஊர் வழக்கப்படி பெண்டாட்டியின் பிறந்தநாளுக்காக அவனுக்கும் வாழ்த்துச் சொல்வார்கள். அவனுடைய இசைத்தட்டைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். பக்கத்து நிலத்துக்காரர் ஓம்கெ மட்டும் ஒருமுறை கேக்கை மென்றுகொண்டே, "ரேடியோல ஒன் பாட்டு வந்துச்சுப்பா. அதுக்கப்புறம் வானிலை சொன்னான். வியாழக்கிழமை மழையாம்" என்றார். வட்டம் முழுக்கச் சிரித்தது. லுபர்ட்டும் சிரித்தான். அரங்கம் அரங்கமாகக் கைதட்டு வாங்கியவனுக்கு அந்த வட்டத்திலிருந்து ஒரு நல்ல வார்த்தை கிடைக்காதது தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. தலையை உயர்த்துகிறவனைக் காலைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பதை மரியாதை என்று நினைக்கும் ஊர் அது. அவனுக்கும் அது தெரியும், தெரிந்தும் ஏங்கினான்.

எழுபத்தாறாம் ஆண்டுக் கோடையில் மழை பொய்த்தது. களிமண் வெடித்து, அதில் கையை நுழைத்தால் முழங்கை வரை போயிற்று. வாய்க்கால்களின் அடியில் மீன்கள் சேற்றில் புரண்டன. வாரியத் தலைவராகியிருந்த ஓம்கெ நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஆம்ஸ்டர்டாமுக்கு வந்து, ஊர் உன்னைப் பாடச் சொல்கிறது என்றார். லுபர்ட்டின் காதில் ஊர் கூப்பிடுகிறது என்பது மட்டும்தான் விழுந்தது. ஜெர்மனிக்குப் புறப்படவிருந்த பயணத்தை உதறினான். குழுவினர் கெஞ்சிப் பார்த்துவிட்டு, வேறு பாடகனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவன் கவலைப்படவில்லை. ஊர்ப் பேச்சில் ஐந்து சரணங்களில் ஒரு பாட்டுக் கட்டினான். ஃபென்னாவிடம் அதுவரை சொல்லாததையெல்லாம் கடைசிச் சரணத்தில் வைத்தான். அதை ஊர் முன்னால் அவள் கேட்க வேண்டும் என்பதுதான் அவன் ஆசை.

பம்ப் ஹவுஸ் வாசலில் ஊரே கூடியிருந்தது. லுபர்ட் கண்ணை மூடிப் பாடத் தொடங்கினான், அவன் குரல் அவ்வளவு நன்றாக என்றுமே இருந்ததில்லை. இரண்டாம் சரணத்தில் கண்ணைத் திறந்தபோது எதிரே எல்லாம் முதுகுகள். வாய்க்காலில் நட்டிருந்த அளவுப் பலகையில் தண்ணீர் கோடு கோடாக ஏறுவதை ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. ஃபென்னாவும் முதுகைக் காட்டித்தான் நின்றாள், அவள் நிலமும் காய்ந்து கிடந்ததே. நாலாம் சரணம் முடியும்போது எல்ட்யோ திரும்பாமலே கையை உயர்த்தினார்.

"போதும் மாப்ள. நிறுத்திக்க."

எல்லோரும் வந்து கை குலுக்கினார்கள், உருளைக்கிழங்கு பிழைத்தது என்றார்கள், சாப்பிடப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு லுபர்ட் ஊரிலேயே இருந்தான், போக இடமும் இல்லை. மழை பொய்த்த கோடைகளில் கூப்பிடுவார்கள். அவன் அதே பாட்டைப் பாடுவான், நாலாம் சரணத்தில் தண்ணீர் போதுமான அளவுக்கு வந்துவிடும், யாராவது கை உயர்த்துவார்கள். எஞ்சினுக்கு எண்ணெய் போடுவதுபோலக் குளிர்காலத்தில் அவன் தொண்டைக்குத் தேன் வாங்கிக் கொடுத்தார்கள். நகரத்து ரேடியோ அவனை மறந்தது. முடி கொட்டியது. எல்ட்யோ இறந்தார், அவர் இடத்துக்கு மின்சார பம்ப்போடு ஒரு புது ஆள் வந்தான்.

பாடாமல் விட்ட அந்தக் கடைசிச் சரணத்தைச் சொல்லச் சொல்லி ஃபென்னா கேட்டுக்கொண்டே இருந்தாள். முதல் வருடங்களில் கிண்டலாகக் கேட்டாள், பிறகு கெஞ்சினாள்.

"பாட வேணாம், லுபர்ட். உருளைக்கெழங்கு உரிச்சுக்கிட்டே சும்மா சொல்லு. கேட்டுக்கறேன்."

"பாட்டுன்னா பாடணும். ஊர் முன்னாடி."

"அப்ப ரயில் ஏறுவோம். எங்கயாவது எறங்கி பெஞ்சுல உக்காந்து பாடு. அங்கதான் தண்ணி ஏறாதே."

"ஸ்டேஷன்ல பாட நான் பிச்சைக்காரனா?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "நான் திரும்பி நின்னது ஒரே ஒரு தடவ. அதுக்கு எத்தன வருஷம்தான் நீ திரும்பி நிப்ப?" என்றாள். அவன் கிட்டாரை எடுத்துத் துடைக்கத் தொடங்கினான். சரணத்தைச் சொல்லியிருக்கலாம். அப்புறம் அவள் கேட்பதையே நிறுத்திவிட்டாள், அவன் அதையும் ஒரு வெற்றியாக எடுத்துக்கொண்டான். அப்படிப்பட்ட மடையன்.

ஃபென்னா இறந்தது நல்ல மழை பெய்து வாய்க்கால்கள் நிறைந்திருந்த ஒரு வருஷம், ஆகஸ்ட் மாதம், அறுவடைக்கு முன்பு. மார்வியர்ட்டில் தேவாலயமும் கல்லறைகளும் பழங்காலத்து ஆட்கள் மண் கொட்டி உயர்த்திய மேட்டில் இருக்கின்றன. ஊரே கறுப்பு உடையில் ஏறி வந்திருந்தது. பெட்டியைக் குழிக்குள் இறக்கியதும் லுபர்ட் யாரிடமும் சொல்லாமல் கிட்டாரை எடுத்தான். பம்ப்பைப் பார்க்கும் ஆள் இரண்டடி இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான், பாதை அதற்குள் மூழ்கியிருந்தது. நாலாம் சரணத்தில் வயல்கள் மறைந்தன. அளவுப் பலகை தெரியவில்லை. மேட்டைச் சுற்றி எங்கு பார்த்தாலும் தண்ணீர், ஆகவே பார்ப்பதற்கு அவனைத் தவிர வேறெதுவும் இல்லாமல் போயிற்று. ஊர் மொத்தமும் அவனைப் பார்த்தது. அவன் கடைசிச் சரணத்தைப் பாடினான். அதில் பெரிதாக ஒன்றுமில்லை. நகரத்தில் பாடிய ஒவ்வொரு நாளும் கூட்டத்தில் உன்னைத்தான் தேடினேன், ஊருக்காக நான் வரவில்லை, உன் பக்கத்தில் உட்காரத்தான் வந்தேன் என்று இருந்தது, அவ்வளவுதான். அடுப்படியில் நின்று ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடிய விஷயம்.

பாட்டு முடிந்ததும் தள்ளாத வயதிலிருந்த ஓம்கெ கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவனிடம் வந்தார்.

"நல்ல சரணம்ப்பா. ஃபென்னா கேட்டிருக்கணும்."

அந்த ஊரில் அவனுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. லுபர்ட் தலையை ஆட்டிவிட்டு கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டான். கீழே தண்ணீர் முழங்காலளவுக்கு நின்றது. அந்த வருஷத்து உருளைக்கிழங்கு இனி அழுகிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. காலணிகளைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பெண்கள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஊர் ஜனங்கள் வரிசையாகத் தண்ணீருக்குள் இறங்கி வீட்டுக்கு நடந்தார்கள். லுபர்ட் கடைசியாக இறங்கினான்.